மூளையின் இடமும் வலமும்: பால் புரோக்கா சரிதம்

முன்னுரை

சீர்காழி என்னும் பெயரைக் கேட்ட அளவிலே தமிழ் மாணவர் நெஞ்சில் தோன்றுவது ஒரு குழந்தையின் பேச்சாகும். ஏழாம் நூற்றாண்டிலே, திருக்குளக் கரையில் தந்தையைக் காணாது அழுத மூன்று வயதுப் பிள்ளை, உமையம்மை ஊட்டிய ஞானப்பாலை உண்டு செந்தமிழ் பாடத் தொடங்கிற்று என்பது சைவப் பெருமக்கள் போற்றும் வரலாறு. அப்பிள்ளையாராகிய திருஞானசம்பந்தரின் முதற்பதிகம் இறைவன் செவியில் விளங்கும் தோட்டினைச் சொல்லித் தொடங்குகின்றது. தோடு மகளிர்க்குரிய அணி. இடப்பாகம் உமைக்கு உரியதாதலின் அஃது இடச்செவியில் விளங்குவது என்று உரைப்பர் பெரியோர். பேச்சு என்னும் வியப்பினையும், ஒரே மேனியில் இடமும் வலமும் ஒன்றுபோல் இரா என்னும் கருத்தினையும் சீர்காழி இவ்வாறு ஒருங்கே நினைப்பூட்டுகின்றது.

அவ்விரண்டினையும் மனித மூளையிலே ஒருங்கு கண்டு நிறுவியவர் ஒருவர் உளர். அவரே பிரெஞ்சு தேசத்து மருத்துவராகிய பால் புரோக்கா. மனச்சிதைவு என்று இந்நாளில் வழங்கும் கொடிய நோயினைப் பற்றிய ஆராய்ச்சி, அவர் காட்டிய வழியிலே இன்றும் நடைபெறுகின்றது. உலகில் ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவரைப் பற்றும் இந்நோய் நம் காவிரி நாட்டையும் விட்டுவைக்கவில்லை. ஆதலின் அவர் சரிதம் நமக்கு அயலாருடைய கதை அன்று.

பிறப்பும் கல்வியும்

பிரான்சின் தென்மேற்கிலே தோர்தோஞ் என்னும் ஆற்றின் கரையில் செயின்ட் புவா லா கிராந்து என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூரில் 1824ஆம் ஆண்டு ஜூன் மாதம் 28ஆம் நாள் புரோக்கா பிறந்தார். தந்தையார் மருத்துவர், அன்னையார் புரொட்டஸ்டண்டு போதகர் ஒருவரின் மகளார். முன்னாளில் தம் சமயத்தின் பொருட்டுப் பெருந்துன்பம் உற்ற ஹியூகனாட்டு மரபினர் அவர்கள். பெரும்பான்மையோர் கருத்திற்கு மாறாக நிற்க அஞ்சாமையும், உண்மையெனத் தோன்றியதை ஒளியாது கூறுதலும் அம்மரபின் குணங்கள். புரோக்கா பிற்காலத்தில் திருச்சபையை விட்டு விலகித் தம் சிந்தை போன வழியே சென்றாராயினும், அக்குணங்கள் அவரை விட்டு நீங்கவில்லை.

பதினேழாம் பிராயத்தில் அவர் பாரிஸ் மாநகர் சென்று மருத்துவக் கல்வியில் புகுந்தார். 1849இல் பட்டம் பெற்றார். புற்றுநோய் உடலில் பரவும் வகை, என்புகளின் வளர்ச்சி, தசைகளின் நலிவு ஆகியவற்றைக் குறித்து அவர் எழுதிய கட்டுரைகள் இளமையிலேயே அவருக்குப் புகழ் தேடித் தந்தன. 1857இல் லுகோல் என்னும் மருத்துவரின் புதல்வியாரை மணந்தார். அயோடின் கலந்த மருந்துநீர் ஒன்று அம்மாமனார் பெயரால் இன்றும் வழங்குகின்றது. அவ்வில்லறத்தில் மக்கள் மூவர் தோன்றினர்.

1859ஆம் ஆண்டு புரோக்கா, மனித இனத்தின் இயல்புகளை ஆராய்தற்கென ஒரு சங்கத்தைப் பாரிசில் நிறுவினார். மனிதனைப் பற்றி ஆராய்வோர் மதத்திற்கும் அரசிற்கும் கேடு சூழ்வரோ என்று அரசாங்கத்தார் ஐயுற்றனர். ஆதலின் கூட்டந்தோறும் காவற்றுறையைச் சார்ந்த ஒருவர் உடனிருத்தல் வேண்டும் என்னும் நிபந்தனையோடுதான் அச்சங்கத்திற்கு அனுமதி கிடைத்தது. எனினும் சங்கம் வளர்ந்தது. அதன் அவையிலேதான் மூளையின் வரலாற்றை மாற்றிய செய்தி வெளிப்பட்டது.

பேச்சிழந்த தொழிலாளி

அக்காலத்து அறிஞரிடையே ஒரு பெருவழக்கு நிகழ்ந்துகொண்டிருந்தது. மூளை முழுவதும் ஒருமித்துத் தொழில் செய்வதா, அன்றி ஒவ்வொரு தொழிலுக்கும் ஒவ்வோர் இடம் உண்டா என்பதே அவ்வழக்கு. பேச்சின் இடம் மூளையின் முன்பகுதியில் உள்ளது என்று புயோ என்னும் முதிய மருத்துவர் நெடுங்காலம் வாதித்து வந்தார். அவருடைய மருமகனார் ஒபுர்த்தேன் 1861இல் சங்கத்தின் அவையில் அக்கொள்கையையே எடுத்துரைத்தார். மூளையின் முன்பகுதி பழுதுபடாமலே பேச்சிழந்த ஒருவரைக் காட்டினால் தம் கொள்கையைக் கைவிடுவதாகவும் அவர் உறுதி கூறினார். புரோக்கா இரு திறத்தாரையும் சாராது கேட்டிருந்தார்.

சின்னாளில், விடை அவருடைய மருத்துவமனைக்கே வந்து சேர்ந்தது. பாரிசின் தெற்கே பிசேத்ர் என்னும் இடத்திலுள்ள பெரிய ஆதுலர்சாலையில் அவர் அப்பொழுது ரண வைத்தியராக இருந்தார். முதியோரும் தீரா நோயாளரும் சித்தம் கலங்கியோரும் அங்கே வாழ்ந்தனர். இது சரித்திரத்தில் ஒரு சிறப்புடைய இடம். 1797இல் புசேன் என்னும் கண்காணிப்பாளர், பித்தர்களைப் பிணித்திருந்த இருப்புச் சங்கிலிகளை அங்கேதான் அகற்றினார். அவருடன் பணியாற்றிய பினேல் என்னும் மருத்துவர் அவ்வழியையே வேறொரு மருத்துவமனையிலும் மேற்கொண்டார்.

1861ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள், 51 வயதுடைய ஒருவர் கால் அழுகிய நிலையில் புரோக்காவின் பகுதிக்குக் கொண்டுவரப்பட்டார். அவர் பெயர் லெபோர்ஞ். பாதரட்சை தைப்போர்க்கு வேண்டும் மரவச்சுக்களைச் செய்யும் தொழிலாளி. இளமைமுதல் காக்கை வலிப்பினால் வருந்தியவர். பேச்சை இழந்து 21 ஆண்டுகள் பிசேத்ரிலேயே கழித்தவர். எதனை வினவினும் தன் தன் என்னும் ஓரசையே அவர் வாயினின்றும் வரும். ஆகவே அங்குள்ளோர் அவ்வசையையே அவருக்குப் பெயராக்கி அழைத்து வந்தனர். எனினும் அவர் பித்தரல்லர், அறிவிழந்தவரும் அல்லர். பிறர் கூறுவதை உணர்ந்தார். எண்களை இடக்கை விரல்களால் காட்டினார். வலக்கையும் வலக்காலும் நாளடைவில் செயலற்றுப் போயின.

புரோக்கா அவரைப் பொறுமையோடு சோதித்தார். ஒபுர்த்தேனையும் அழைத்துக் காட்டினார். ஏப்ரல் 17ஆம் நாள் லெபோர்ஞ் உயிர் நீத்தார். மறுநாளே அவருடைய மூளை சங்கத்தின் அவையில் வைக்கப்பட்டது. இடப்பக்கத்து முன்பகுதியில், மூன்றாவது மடிப்பைச் சூழ்ந்து, கோழிமுட்டை அளவான பள்ளம் ஒன்று காணப்பட்டது. அவ்வாண்டு நவம்பரிலே லெலோங் என்னும் 84 வயதுக் கிழவர் அதே மருத்துவமனையில் இறந்தார். அவர் பேசவல்லவையாக எஞ்சியிருந்தவை ஐந்தே சொற்கள். அவர் மூளையிலும் ஏறத்தாழ அவ்விடமே பழுதுற்றிருந்தது.

வேறொருவராயின் அன்றே வெற்றிமுரசு அறைந்திருப்பர். புரோக்கா அவ்வாறு செய்திலர். 1863 அளவில் பேச்சிழந்தோர் எண்மரின் மூளைகளில் பழுது இடப்பக்கத்திலேயே இருந்தமையைக் குறித்தார். எனினும் முடிபு கூறத் தயங்கினார். வலமும் இடமும் கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும்போது ஒருபாதி மட்டும் பேசுதல் எங்ஙனம் என்பது அவர் ஐயம். 1865ஆம் ஆண்டிலேதான், பெரும்பாலார் மூளையின் இடப்பாதியினாலேயே பேசுகின்றனர் என்று துணிந்து வெளியிட்டார். சிலர்க்கு இது மாறியும் அமையலாம் என்றும், பேச்சிழந்தோர்க்கு மீண்டும் பேச்சைப் பயிற்றுதல் கூடும் என்றும் அவர் அன்றே எடுத்துரைத்தார். தாக்ஸ் என்னும் நாட்டுப்புற மருத்துவர் 1836இலேயே இவ்வுண்மையைக் கண்டு எழுதிவைத்திருந்தார் என அவர் மகனார் அதே 1865இல் வெளிப்படுத்தினார். முதன்மை யாருடையது என்னும் வழக்கு இன்றும் அறிஞரிடையே உண்டு. யார் முதல்வராயினும், உலகம் ஒப்புமாறு நிறுவியவர் புரோக்காவே. அவ்விடம் புரோக்காவின் பகுதி என்றே இன்றும் பெயர் பெற்று விளங்குகின்றது.

லெபோர்ஞ், லெலோங் ஆகிய இருவர் மூளைகளையும் அவர் அறுத்துச் சிதைக்காது பாதுகாத்து வைத்தார். அதனால், 2007இல் அவற்றைக் காந்தக் கருவியால் படம்பிடித்துப் பார்க்க ஏனையோர்க்கு இயன்றது. பழுது புரோக்கா கண்டதினும் ஆழமாகச் சென்றிருந்தது என்பது அப்பொழுது விளங்கிற்று. பிற்காலத்தார் தம்மைத் திருத்துதற்கும் இடம் வைத்துச் சென்றமை அவர் பெருமையேயாம்.

அளவுகோலின் குற்றம்

ஒருவர் சரிதத்தை எழுதுங்கால் குணமும் குற்றமும் நாடி எழுதுதல் முறை. புரோக்கா மண்டையோடுகளை அளத்தற்குப் பல கருவிகளை அமைத்தார், மூளைகளை நிறுத்தார். அவ்வளவைகளைக் கொண்டு ஆடவரினும் பெண்டிர் அறிவிற் குறைந்தவர் என்றும், ஓரினத்தார் பிறரினும் உயர்ந்தவர் என்றும் அவர் கருதினார். அக்கருத்து முழுதும் பிழையானது. தாம் முன்னரே நம்பிய முடிபிற்கு ஏற்ப அளவைகளைப் பொருள்படுத்திக்கொண்டார் என்பதை ஸ்டீபன் ஜே கூல்டு என்னும் அமெரிக்க அறிஞர் 1981இல் ஒரு நூலால் விளக்கிக் காட்டினார். அடிமை முறையை வெறுத்த அதே புரோக்கா இங்ஙனம் வழுவினார் என்பது வருந்தத்தக்கது.

இக்குற்றம் பாரிசோடு நின்றுவிடவில்லை. சென்னை அரசாங்கப் பொருட்காட்சிசாலையின் தலைவராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன், நம் நாட்டுச் சாதியாருடைய தலைகளையும் மூக்குகளையும் அளந்து பட்டியல்கள் வகுத்தார். அளவுகோல் எடுத்த கை நோயாளியின் துயரை ஆற்றவும் கூடும். மனிதனைத் தாழ்த்தவும் கூடும். புரோக்காவின் வாழ்வில் இவ்விரண்டும் கலந்தே காணப்படுகின்றன.

மறைவு

அவர் ஓய்வறியாதவர். 1875இல் மூளையின் இரு பாதிகளையும் தனித்தனியே நிறுத்து ஒப்பிட்டு எழுதினார். 1876இல் மனிதவியலைக் கற்பித்தற்கு ஒரு கலாசாலையைத் தொடங்கினார். 1880இல் பிரெஞ்சு மேல்சபையின் ஆயுட்கால உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப் பெற்றார். அச்சிறப்பினை நெடிது துய்க்க அவருக்கு வாய்க்கவில்லை. அவ்வாண்டு ஜூலை மாதத்திலே, தம் 56ஆம் வயதில், திடீரென உயிர் துறந்தார். பிறருடைய மூளைகளைப் பேணிவைத்த அவருடைய மூளையும் பாரிஸ் பொருட்காட்சிசாலையில் ஒரு கண்ணாடிச் சாடியில் வைத்துப் பேணப்பட்டது.

பின்வந்தோர் கண்டவை

புரோக்கா பித்தர்களுக்கு மருத்துவம் செய்தவர் அல்லர். ஆயினும் இடமும் வலமும் ஒவ்வாதவை என்று அவர் நிறுவிய பின்னர், சித்த நோயிலே அவ்வேறுபாடு யாதாகின்றது என்னும் வினா தானே எழுந்தது. 1879இல் இங்கிலாந்து தேசத்துக் கிரைட்டன் பிரவுன் என்னும் மருத்துவர், யார்க்‌ஷயர் மனநோய்ச்சாலை ஒன்றில் இறந்தோருடைய மூளைகளின் நிறையை ஆராய்ந்து, அந்நோயில் இடப்பாதியே முந்திக் கேடுறுகின்றதோ என ஐயுற்றார். 1908இல் சுவிட்சர்லாந்து தேசத்துப் பிளாய்லர், சிந்தனையின் கட்டுக் குலைதலே இந்நோயின் இயல்பெனக் கண்டு, மனம் பிளவுபடுதல் எனப் பொருள்படும் கிரேக்கப் பெயரை அதற்கு இட்டார். நாம் மனச்சிதைவு என்பது அதனையே. ஒருவர் இருவராக மாறி நடத்தல் என்று பலர் இதற்குப் பொருள் கொள்வது தவறு. இடமூளையும் வலமூளையும் பிரிந்துவிடுதல் என்பதும் அன்று. 1915இல் அமெரிக்காவிலே சவுத்தர்டு என்பார் இந்நோயால் இறந்தோர் மூளைகளில் இடப்பக்கத்து மாறுதல்கள் மிகுதி என எழுதினார்.

இயல்பான மூளையிலும் ஒவ்வாமை உண்டு என்பதை நாம் மறத்தலாகாது. 1968இல் கெஷ்விண்டு, லெவிட்ஸ்கி என்னும் இருவர் 100 மூளைகளை அளந்தனர். கேட்ட சொல்லைப் பொருள்கொள்ளும் இடத்தை அடுத்த பரப்பு, அவற்றுள் 65இல் இடப்பக்கத்தே பெரிதாயிருந்தது. 11இல் மட்டுமே வலப்பக்கத்தே பெரிதாயிருந்தது. எனவே ஒவ்வாமையே பெரும்பாலார்க்கு இயல்பு. மனச்சிதைவு உற்றோரிடம் இவ்வொவ்வாமை குன்றுகின்றதா என்பதே ஆராய்ச்சியாளர் வினா. மொழி என்னும் பெருஞ்செல்வத்தைப் பெற்றதற்கு மனித இனம் கொடுக்கும் விலைதான் இந்நோயோ என்று திமோத்தி குரோ என்னும் ஆங்கில மருத்துவர் 1997இல் ஓர் ஊகத்தை வெளியிட்டார். அது மெய்ப்பிக்கப்படாத ஊகமே. ஆயினும் நெஞ்சை விட்டு அகலாதது.

பேச்சிற்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பிற்குச் சான்று ஒன்றும் உண்டு. இந்நோயாளர் பலர், அருகில் ஒருவரும் இல்லாதபோதும் குரல்கள் தம்மை ஏசுவதாகவும் ஏவுவதாகவும் கேட்கின்றனர். நம்மூரில் இதனைப் பேய் பேசுகின்றது என்பர். 1993இல் லண்டன் மருத்துவர்கள் சிலர், நோயாளர் அக்குரல்களைக் கேட்கும் வேளையிலே அவர்தம் மூளையில் குருதி ஓடும் நிலையைப் படம்பிடித்தனர். அப்பொழுது குருதியோட்டம் மிகுந்து காணப்பட்ட இடம் புரோக்காவின் பகுதியே. தம் மூளையில் உருவாகும் சொல்லைத் தம்முடையதென்று அறியமாட்டாது, பிறர் குரலாகக் கேட்கின்றனர் போலும் என்பது அறிஞர் கொள்ளும் விளக்கம். 1861இல் ஓர் ஏழைத் தொழிலாளியின் பேச்சின்மையை விளக்கிய அதே இடம், இன்று இல்லாத குரலைக் கேட்போரின் துயரையும் விளக்க உதவுகின்றது.

எனினும் அளவுகோலின் குற்றத்தை நாம் மீண்டும் செய்தல் கூடாது. 2023இல் பல தேசத்து ஆராய்ச்சியாளர் ஒருங்கு கூடி, மனச்சிதைவு உற்றோர் 5,080 பேரையும் உறாதார் 6,015 பேரையும் ஒப்பிட்டு ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். இடவல ஒவ்வாமையில் வேறுபாடு உண்மையாகவே காணப்பட்டது. மூளையின் இடப்புறப்பட்டை சில இடங்களில் சற்றே மெலிந்திருந்தது. ஆனால் அவ்வேறுபாடுகள் மிகமிகச் சிறியன. பல்லாயிரவரைச் சேர்த்து நோக்கினாலன்றி அவை புலப்படா. ஒருவருடைய மூளைப் படத்தை மட்டும் பார்த்து, இவர் இந்நோயுற்றவர் என்று கூறவல்ல மருத்துவர் இன்றும் இலர். அருகமர்ந்து நோயாளி சொல்வதைக் கேட்பதே இன்றும் வழி. லெபோர்ஞ்சின் கட்டிலருகே புரோக்கா செய்ததும் அதுவே அன்றோ?

முடிவுரை

பிசேத்ரில் 1797இல் சங்கிலிகள் அகன்றன. நம் சென்னையிலே கீழ்ப்பாக்கத்து மனநல மருத்துவமனை 1871இல் திறக்கப்பட்டது. பித்தின் வேகத்தைத் தணிக்கும் முதல் மருந்து 1952இல் புரோக்கா வாழ்ந்த அதே பாரிசிலே கையாளப்பட்டது. இவையெல்லாம் நிகழ்ந்த பின்னரும், 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் ஒரு கொட்டகை தீப்பற்றி எரிந்தது. அங்கே பிணிப்புண்டிருந்த மனநோயாளர் தப்பியோட இயலாது மடிந்தனர். உயிரிழந்தோர் 28 பேர். அவர்களுடைய கால்களில் இருந்தவை சங்கிலிகள். மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என்று இந்திய நாட்டுச் சட்டம் 2017இல் விதித்தது. சட்டம் விலங்கை அறுக்கும். நம் நெஞ்சிலுள்ள அச்சத்தையும் நாணத்தையும் அறுப்பவர் யார்?

சீர்காழியைச் சூழ்ந்த நெல்வயல் நாட்டிலே, மகனுக்குச் சித்தம் கலங்கியதென்றால் தாய் முதற்கண் நாடுவது கோயிலையோ தர்காவையோ மாதா கோவிலையோதான். அவள் வேண்டுதலை யான் இகழேன்; வேண்டுதல் அவள் நெஞ்சிற்கு உறுதி. ஆனால் மருத்துவரிடம் செல்லுதற்கு அவள் ஆண்டுக்கணக்கில் தயங்குவாளாயின், அத்தயக்கத்தை உண்டாக்கியவர் அயலாராகிய நாமே. முற்பிறப்பின் வினை என்றும், பெற்றோர் செய்த பாவம் என்றும், குலத்திற்கு இழுக்கு என்றும் பேசுகின்றோம். கால் அழுகிய லெபோர்ஞ்சிடம் ஒருவரும் பாவம் காணவில்லை. மூளை நலிந்தவனிடம் மட்டும் ஏன் காணவேண்டும்? அதுவும் ஓர் உறுப்பன்றோ?

மாற்கு சுவிசேஷத்தில் கதரேனர் நாட்டு மனிதன் ஒருவனைக் காண்கின்றோம். ஊரார் அவனைச் சங்கிலிகளாலும் விலங்குகளாலும் பிணித்தனர். அவன் கல்லறைகளிலே கூவித் திரிந்தான். நம் ஆண்டவர் அவன் பெயரை வினவினார். அவன் கூறியதைக் கேட்டார். தெளிந்த புத்தியோடு அவனை அமரச் செய்தார். தம்மோடு வர விரும்பிய அவனை, அவன் வீட்டிற்கும் இனத்தாரிடத்திற்கும் அனுப்பினார் என்பதே யான் பெரிதும் போற்றும் பகுதி. நோய் தணிந்தவனுக்குத் திரும்பிச் செல்ல ஒரு வீடு வேண்டும்; அவனை ஏற்க ஓர் ஊர் வேண்டும்.

புரோக்கா மூளையின் வழியைக் காட்டினார். வீட்டின் வாயிலைத் திறத்தல் நம் கடன். பேச்சு பிறந்த ஊர் என்று தமிழுலகம் கொண்டாடும் சீர்காழி நாட்டார், பேச்சுக் குலைந்தோர் கூறுவதையும் செவி தாழ்த்திக் கேட்பாராக.